ஐந்தாவது இடத்தில் ஒரு சைபர்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருநாள் மாலை கையில் பாஸ்புக்கும் போனுமாக வந்து நின்றார். மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டும். வங்கி விவரம் கேட்கும் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

"இதோட மூணு தடவ ஆச்சு தம்பி. கோடு தப்புன்னே சொல்லுது. பாஸ்புக்ல இருக்கறதத்தான் பாத்துப் பாத்துப் போட்டேன்."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் நான்கு எழுத்தும் சரி, கடைசி ஆறு எண்ணும் சரி. நடுவில் கொழுகொழுவென்று ஒரு ஆங்கில 'ஓ' உட்கார்ந்திருந்தது.

"அக்கா, அது ஓ இல்ல, சைபர்."

"முட்டையா? நாலு எழுத்துக்குப் பின்னாடி வட்டமா ஒண்ணு இருந்தா எழுத்துன்னுதானே நெனப்போம்?"

கேள்வி நியாயமானது. பொட்டுப் பொட்டாக அடிக்கும் பாஸ்புக் பிரிண்டரில், அதுவும் ரிப்பன் மங்கிப்போன நாளில், சைபருக்கும் ஓவுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. பிழை அக்காவுடையது இல்லை, அந்தக் குறியீடு அமைந்திருக்கும் விதத்திலேயே இருக்கிறது.

அந்தக் குறியீட்டின் பெயர் ஐஎஃப்எஸ்சி. விரித்தால் இந்திய நிதி அமைப்புக் குறியீடு. கடைசியில் வரும் 'சி'யே கோடு என்பதைத்தான் குறிக்கிறது. ஆனாலும் நாம் விடாமல் 'ஐஎஃப்எஸ்சி கோடு' என்றுதான் சொல்வோம், 'நடுசென்டர்' என்று சொல்கிற ஊர்தானே இது. மொத்தம் 11 இடங்கள். முதல் நான்கும் ஆங்கில எழுத்துகள், அவை வங்கியைக் குறிக்கும். கடைசி ஆறும் கிளையைக் குறிக்கும். நடுவே ஐந்தாவது இடத்தில் எப்போதும் சைபர்தான். எந்த வங்கியானாலும், எந்த ஊர்க் கிளையானாலும் சைபர். அதற்கு இன்றைய தேதியில் ஒரு வேலையும் கிடையாது. பிற்காலத் தேவைக்கென்று ரிசர்வ் வங்கி ஒதுக்கி வைத்த இடம் அது. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அப்படி. துண்டு போட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன, உட்கார வேண்டியவர் இன்னும் வரவில்லை.

இந்த 11 இடங்களில் எனக்குச் சுவாரசியமானவை முதல் நான்குதான். சில வங்கிகளுக்குப் பெயரைப் பார்த்தாலே புரிந்துவிடும். கரூர் வைஸ்யா வங்கிக்குக் கே-வி-பி-எல், கும்பகோணத்தில் தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கிக்குச் சி-ஐ-யு-பி, தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிக்கு டி-எம்-பி-எல். சிலவற்றில் ஏமாந்துபோவோம். ஐ-டி-ஐ-பி என்று தொடங்கும் குறியீட்டைப் பார்த்ததும் பலரும் ஐடிபிஐ வங்கி என்று நினைப்பார்கள். அது இந்தியன் வங்கி. ஐடிபிஐயின் குறியீடு ஐ-பி-கே-எல்.

ஆக்சிஸ் வங்கியின் கதை இதைவிட வேடிக்கை. அதன் குறியீடு யு-டி-ஐ-பி. ஆக்சிஸில் எங்கே வந்தது யு-வும் டி-யும்? 2007 வரை அந்த வங்கியின் பெயர் யுடிஐ வங்கி. பெயர்ப்பலகை மாறியது, நிறம் மாறியது, வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் குறியீடுகூட ஆக்சிஸ் என்று தொடங்குவதாக மாறிவிட்டது. ஐஎஃப்எஸ்சி மட்டும் பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை. கொல்கத்தாவில் யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா என்ற வங்கி இருந்ததே, அதன் குறியீடு யு-டி-பி-ஐ. இரண்டெழுத்து இடம் மாறினால் வேறு வங்கி! 2020-ல் அந்த வங்கி பஞ்சாப் நேஷனல் வங்கியோடு இணைந்துவிட்டதால் அந்தக் குழப்பம் தானாகத் தீர்ந்தது.

கிளை எண்களிலும் பழங்கதை ஒளிந்திருக்கிறது. ஸ்டேட் வங்கியின் குறியீடு எஸ்-பி-ஐ-என். அதன் கொல்கத்தா முதன்மைக் கிளையின் எண் 1. மும்பை முதன்மைக் கிளை 300. சென்னையில் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், செங்கல் நிறத்தில் கம்பீரமாக நிற்கும் முதன்மைக் கிளைக்கு 800. இந்த வரிசை சும்மா அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. 1806-ல் கல்கத்தாவில் தொடங்கிய வங்கிதான் 1809-ல் வங்காள வங்கி ஆனது. 1840-ல் பம்பாய் வங்கியும் 1843-ல் மதராஸ் வங்கியும் வந்தன. மூன்றும் 1921-ல் சேர்ந்து இம்பீரியல் வங்கி ஆயின, அது 1955-ல் ஸ்டேட் வங்கி ஆனது. பிறந்த வரிசைப்படியே கொல்கத்தா, மும்பை, சென்னை. சென்னைக் கிளையில் கணக்கு வைத்திருப்பவர் 0000800 என்று தட்டும்போதெல்லாம் மூன்று மாகாண வங்கிகளில் கடைசித் தம்பியைக் கூப்பிடுகிறார்.

எல்லா வங்கியும் இப்படி எண்ணிலேயே நிற்பதில்லை. கடைசி ஆறு இடத்தில் எழுத்தும் வரலாம். பரோடா வங்கி ஊர்ப்பெயரைச் சுருக்கி எழுத்தாகவே வைத்திருக்கிறது. நம் ஊர்த் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கின் குறியீட்டில் கடைசி மூன்று எழுத்துகள் டி-ஓ-பி, அஞ்சல் துறையின் ஆங்கிலச் சுருக்கம். ஐ-பி-ஓ-எஸ், பிறகு நான்கு சைபர், பிறகு டி-ஓ-பி. இதில் ஓ எது, சைபர் எது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் தையல் கடை அக்கா நம்மை அடிக்கவே வந்துவிடுவார். ஒரு வழி இருக்கிறது: முதல் நான்கில் வட்டம் வந்தால் அது ஓ, ஐந்தாவது இடத்தில் வந்தால் சைபர். அதற்குப் பிறகு வரும் வட்டம் எண்களுக்கு நடுவில் இருந்தால் சைபர், எழுத்துகளுக்கு நடுவில் இருந்தால் ஓ என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசி விதி நூற்றுக்கு நூறு உத்தரவாதம் இல்லை, சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவது நல்லது.

ஐஎஃப்எஸ்சிக்கு ஓர் அண்ணன் உண்டு. காசோலை ஒன்றைக் கையில் எடுங்கள். அடியில் வெள்ளைப் பட்டையில் விநோதமான வடிவத்தில் எண்கள் ஓடும். ஒன்றின் அடி தடித்திருக்கும், எட்டின் இடுப்பு கோணலாக இருக்கும். இடையிடையே எண்ணும் அல்லாத எழுத்தும் அல்லாத கட்டங்கள். இடது ஓரத்தில் ஆறு இலக்கக் காசோலை எண், அடுத்து ஒன்பது இலக்கங்களில் எம்ஐசிஆர் எண். அதில் முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. ஊருக்கான மூன்றும் பெரும்பாலும் அந்த ஊர் பின்கோடின் முதல் மூன்றுதான்: சென்னைக்கு 600, மதுரைக்கு 625, கோவைக்கு 641. நடுவில் 002 இருந்தால் ஸ்டேட் வங்கி, 019 என்றால் இந்தியன் வங்கி, 020 என்றால் இந்தியன் ஓவர்சீஸ். ஆக, 600 019 என்று தொடங்கினால் சென்னையில் இந்தியன் வங்கிக் கிளை ஒன்று என்று காசோலையின் மற்ற பகுதியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அந்த விநோத எழுத்துருவுக்குக் காரணம் மை. அந்த மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. கருவிக்குள் காசோலை நுழைந்ததும் முதலில் அந்த மையைக் காந்தமாக்குகிறார்கள், பிறகு ஒரு வாசிப்புமுனையைத் தாண்டி ஓடவிடுகிறார்கள். ஒவ்வொரு எண்ணின் தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் கடக்கக் கடக்க மின்னலை ஏறி இறங்கும். எந்த இரண்டு எண்ணுக்கும் ஒரே அலை வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அசிங்கமான தடிப்புகள். கருவி எண்ணைக் கண்ணால் பார்ப்பதில்லை, தடவிப் படிக்கிறது. அதனால் அந்தப் பட்டையின் மேல் ரப்பர் முத்திரை விழுந்தாலும், யாராவது அதன்மேலேயே கையெழுத்துப் போட்டாலும் கவலையில்லை. சாதாரண மையில் காந்தம் இல்லை, கருவிக்கு அது இருப்பதே தெரியாது. 1950களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்காக உருவாக்கிய முறை இது. நாம் 1980களின் பிற்பகுதியில் பெருநகரங்களில் கொண்டுவந்தோம். இன்று காசோலைத் தாள் ஊர் ஊராகப் பயணம் செய்வதில்லை. படமும் இந்தப் பட்டையிலிருக்கும் எண்ணும் மட்டும் போகின்றன. 2008-ல் டெல்லியில் தொடங்கிய இந்த ஏற்பாடு சென்னைக்கு 2011-ல் வந்தது.

காசோலைக்கு எம்ஐசிஆர், கணினி வழிப் பணத்துக்கு ஐஎஃப்எஸ்சி. 2004-ல் ஆர்டிஜிஎஸ் வந்தது, 2005 நவம்பரில் நெஃப்ட் வந்தது, 2010-ல் ஐஎம்பிஎஸ். மூன்றுக்கும் இந்தக் குறியீடுதான் விலாசம். 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது? நெஃப்ட் என்றால், உங்கள் வங்கி அந்தச் செய்தியை ரிசர்வ் வங்கியின் மையத்துக்கு அனுப்பும். அங்கே அரைமணிக்கு ஒரு தொகுப்பாக, நாளொன்றுக்கு 48 தொகுப்புகளாகச் செய்திகளைப் பிரித்து அடுக்குகிறார்கள். 2019 டிசம்பரிலிருந்து இது இரவு பகல், ஞாயிறு, பண்டிகை எதுவும் பார்ப்பதில்லை. அடுக்கும்போது பார்ப்பது எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்பதைத்தான், அதற்கு முதல் நான்கு எழுத்தே போதும். தபால் பிரிக்குமிடத்தில் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துச் சாக்கில் போடுவார்களே, அதே வேலை. தெருவும் கதவு எண்ணும் ஊர்போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்போய்ச் சேர்ந்த பிறகு கிளை எண்ணைப் பார்க்கிறார்களா என்றால், அங்கேதான் விஷயம் இருக்கிறது. பேரேட்டுக் காலத்தில் ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கணக்குப் புத்தகம். மயிலாப்பூர்க் கிளையிலும் 1247 என்று ஒரு கணக்கு இருக்கும், மன்னார்குடிக் கிளையிலும் 1247 இருக்கும். கிளையைச் சொல்லாமல் கணக்கு எண்ணைச் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. கோர் பேங்கிங் வந்ததும் வங்கி முழுவதற்கும் ஒரே பேரேடு ஆனது, கணக்கு எண் வங்கிக்குள் எங்கு தேடினாலும் ஒன்றே ஒன்றுதான். உங்கள் பணம் மன்னார்குடிக் கிளையின் இரும்புப் பெட்டியில் இல்லை, ஏதோ ஒரு நகரத்துக் கணினி மையத்தில் ஒரு வரியாக இருக்கிறது. அதனால்தான் அதே வங்கியின் வேறு கிளைக் குறியீட்டைத் தவறுதலாகப் போட்டும் பணம் சரியான ஆளுக்கே போய்ச் சேர்ந்த கதைகளைக் கேட்கிறோம். புதிதாக வந்த வங்கிகள் இதை ஒளிக்கவும் இல்லை. இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக்கு நாடு முழுவதும் ஒரே குறியீடு: ஐ-பி-ஓ-எஸ் 0000001. குமரி முனையில் கணக்குத் தொடங்கினாலும் அதுதான், காஷ்மீரில் தொடங்கினாலும் அதுதான்.

அப்படியென்றால் கிளை எண்ணைத் தப்பாகப் போடலாமா என்று கேட்காதீர்கள். சில வங்கிகள் பொருத்திப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும். நெஃப்டில் வரவு வைக்க முடியாத பணத்தை அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிவிட வேண்டும் என்பது விதி. இந்தப் பிழையால் வருவது அதிகபட்சம் தாமதம். உண்மையில் பயப்பட வேண்டியது கணக்கு எண்ணுக்குத்தான்.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். உங்கள் ஏடிஎம் அட்டையின் 16 எண்களில் கடைசி எண் காவல்காரன். மற்ற எண்களை ஒரு கணக்கில் போட்டால் வரும் விடை அது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த முறை. 4527 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். வலது ஓரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். 7 இரட்டித்தால் 14, ஒன்றும் நாலும் கூட்டி 5. அடுத்த 2 அப்படியே. 5 இரட்டித்தால் 10, கூட்டினால் 1. நாலு அப்படியே. எல்லாம் சேர்ந்து 12. அடுத்த பத்தின் மடங்கான 20-க்கு 8 வேண்டும், அந்த எட்டைக் கடைசியில் ஒட்டிவிடுகிறோம்: 45278. இப்போது அவசரத்தில் யாரோ 45728 என்று இடம் மாற்றித் தட்டுகிறார் என்று வையுங்கள். அதே கணக்கைப் போட்டால் 24 வரும், பத்தின் மடங்கு இல்லை. எண் தப்பு என்று கருவி அங்கேயே சொல்லிவிடும், வங்கியைக் கேட்க வேண்டியதே இல்லை. ஓர் எண்ணை மாற்றித் தட்டினால் இந்த முறை தவறாமல் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினால், 09-ஐ 90 ஆக்குவதைத் தவிர, அதையும் பிடிக்கும்.

ஆதார் எண்ணில் இப்படியொரு காவல் எண் உண்டு. ஐரோப்பாவிலும் வளைகுடா நாடுகளிலும் புழங்கும் ஐபான் எண்ணில் இரண்டு உண்டு. துபாயிலிருந்து பணம் அனுப்பும் தம்பி உங்களிடம் ஐபான் கேட்டால் குழம்ப வேண்டாம், இந்தியக் கணக்குகளுக்கு ஐபான் கிடையாது. ஸ்விஃப்ட் குறியீடு, ஐஎஃப்எஸ்சி, கணக்கு எண் மூன்றும் கொடுத்தால் போதும். இலங்கையில் இருப்பவர்களுக்கு ஏற்பாடு இன்னும் எளிது: நான்கு இலக்க வங்கி எண், மூன்று இலக்கக் கிளை எண். இலங்கை வங்கி என்றால் 7010.

நம் ஐஎஃப்எஸ்சியில் காவல் எண் இல்லை. கணக்கு எண்களுக்கோ நாடு முழுவதற்கும் பொதுவான வடிவமே இல்லை: ஸ்டேட் வங்கிக்கு 11 இலக்கம், ஐசிஐசிஐக்கு 12, எச்டிஎஃப்சிக்கு 14, பஞ்சாப் நேஷனல் வங்கிக்கு 16. ஐஎஃப்எஸ்சி தப்பினால் பட்டியலில் இல்லாத குறியீடு என்று பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தப்பி, அந்த எண்ணில் வேறு யாருக்காவது கணக்கு இருந்துவிட்டால் பணம் அவருக்குப் போகும். பெயர் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் சரி, எண்ணை வைத்தே வரவு வைக்கலாம் என்பதுதான் நடைமுறை. வங்கிச் செயலிகள் கணக்கு எண்ணை இரண்டாம் முறை தட்டச் சொல்வதும், முதலில் தட்டியதைப் புள்ளிகளாக மறைத்து வைப்பதும் இதனால்தான். எண்ணுக்குள் இல்லாத காவல்காரனை உங்கள் விரலில் ஏற்றிவிடுகிறார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் காப்பி எடுத்து ஒட்டிவிடாமல் தட்டுங்கள். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. என்னைக் கேட்டால், இருபது ஆண்டுகள் தாமதமாக வந்த நல்ல காரியம்.

குறியீட்டை எங்கே பார்ப்பது? பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும். காசோலையின் மேல்பகுதியில் கிளை முகவரியை ஒட்டி ஐஎஃப்எஸ்சி, அடிப்பட்டையில் எம்ஐசிஆர். இரண்டும் இல்லாதவர் வங்கியின் செயலியில் கணக்கு விவரத்தைத் திறக்கலாம். அடுத்தவர் கிளையின் குறியீடு வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் வங்கி, கிளை என்று தேர்ந்தெடுத்துத் தேடலாம். கூகுளில் கண்ட இடத்தில் கிடைப்பதை நம்பாதீர்கள், பாதிப் பக்கங்களில் பழைய பட்டியல் தூசு தட்டாமல் கிடக்கும். குறியீடு கேட்பதற்காக இணையத்தில் 'வாடிக்கையாளர் சேவை' எண் தேடிப் போன் போடவே வேண்டாம். ஐஎஃப்எஸ்சி ரகசியம் இல்லை, கிளை வாசலில் எழுதி ஒட்டுகிற சங்கதி. அதைச் சொல்வதற்கு ஒருவர் உங்களிடம் ஓடிபி கேட்கிறார் என்றால் அவர் வங்கிக்காரர் இல்லை.

ஜிபேயும் போன்பேயும் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டீக்கடையில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்யும்போது அந்த முகவரிக்குப் பின்னால் ஒரு கணக்கு எண்ணும் ஓர் ஐஎஃப்எஸ்சியும்தான் இருக்கின்றன. தட்டுகிற வேலை நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

தையல் கடை அக்காவின் விண்ணப்பம் அன்றே போய்விட்டது. போகும்போது வீட்டுக்காரரின் பழைய பாஸ்புக்கையும் காட்டினார். எஸ்-ஒய்-என்-பி என்று தொடங்கியது, சிண்டிகேட் வங்கி. 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்தது, அந்தக் குறியீடு 2021 ஜூலையிலிருந்து செல்லாது. இதுபோலவே அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியானது, ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியாயின, கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ்ஸுக்குள் போனது. உங்கள் வீட்டு அலமாரியில் இந்த வங்கிகளின் பாஸ்புக் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாஸ்புக்கைப் புதுப்பிப்பதோடு நிறுத்தாதீர்கள். பிஎஃப் கணக்கு, எல்ஐசி, பங்கு ஈவுத்தொகை என்று எங்கெல்லாம் பழைய குறியீட்டைக் கொடுத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு யாரையாவது அந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.